துளையும் கழுந்தும்

கதிரை ஒன்று பழுதாகும்போது அதன் மரம் முறிவது அரிது. காலும் சட்டமும் கூடும் மூட்டுத்தான் முதலில் ஆட்டங் காணும். மயிரிழை போன்ற ஓர் இடைவெளி அங்கே தோன்றும். இருப்பவர் சற்றே பின்னாற் சாய்ந்தால் மெல்லிய முனகல் ஒன்று கேட்கும். அதன்பின் அக்கதிரைக்கு ஆயுள் அதிகமில்லை. நம்மவர் வழக்கம்போல இரண்டு ஆணிகளை அறைந்து ஆறுதல் அடைவர். ஆணி ஏறிய மூட்டு மேலும் பிளந்து, சில மாதங்களிற் கதிரை அடுப்பங்கரைக்குப் போய்ச் சேரும். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் இருந்த மரக் கதிரைகள் யாவும் இவ்வாறே ஒவ்வொன்றாக மறைந்தன. அவற்றின் இடத்தைப் பிளாஸ்ரிக் கதிரைகள் பிடித்துக்கொண்டன. அவையும் நிரந்தரமானவை அல்ல. வெயில் பட்டு வெளிறியிருந்த ஒன்று, பெரியவர் ஒருவரைப் பத்திரிகையும் கையுமாக ஒருநாள் நிலத்தில் இருத்திவிட்டது.

வாசிகசாலை வளவில் நின்ற பழைய வேம்பை வீதி அகலிப்பின் பொருட்டு 2020இல் தறிக்க வேண்டியதாயிற்று. மரத்தைக் காசாக்குவதா, கதிரையாக்குவதா என்று நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டங்கள் வாதம் நடந்தது. முடிவில் பன்னிரண்டு கதிரைகள் என்று தீர்மானமாயிற்று. அறுத்த பலகைகளைப் பின் விறாந்தையில், இடையிடையே சிறு கட்டைகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கினோம். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு உலர வேண்டும் என்பது தச்சர்களிடையே வழங்கும் பழங்கணக்கு. பச்சை மரம் முற்றாக உலரும்போது, நார் ஓடும் திசையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேற் சுருங்காது. நாருக்குக் குறுக்கேயோ நூற்றுக்கு ஆறு, எட்டுப் பங்கு வரை சுருங்கும் மரங்கள் பல. பச்சை மரத்தில் எவ்வளவு நுட்பமாக மூட்டுப் போட்டாலும் அது நெகிழ்வது இதனாலேயே. ஆதலால் மரத்தைப் பூட்டி வைத்துவிட்டுப் பொறுத்திருந்தோம்.

வேலையை ஏற்றவர் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓடாவியார். மரவேலை செய்வோரையும் ஓடம் கட்டுவோரையும் யாழ்ப்பாணத்தார் அப்பெயராலேயே அழைப்பர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்ததே, அதனைக் கட்டியவர்களும் ஓடாவிமாரே. எங்கள் ஓடாவியார் கப்பல் கட்டியவரல்லர். கதவும் யன்னலும் கட்டிலும் கதிரையும் செய்து எழுபது வயதைக் கடந்தவர். பலகைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் அவர் சொன்னது இது:

"மரம் நல்ல மரம், மாஸ்டர். ஆனா துளை போட எனக்கு இப்ப கை வராது. மூண்டு துளை போட்டா மணிக்கட்டு விறைச்சுப் போகுது. சீவித் தாறன், கூட்டித் தாறன். துளைக்கு ஆரையும் பாருங்கோ."

யாரைப் பார்ப்பது? அவருடைய மகன் வெளிநாடு போய்விட்டான். பேரன் க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரை கைத்தொலைபேசியோடு காலங் கழித்துக்கொண்டிருந்தான். உளியைத் தொடுவதில்லை என்று அவன் ஏற்கெனவே ஒரு விரதம் பூண்டிருந்தான். ஒரு கதிரைக்கு இருக்கையைத் தாங்கும் சட்டங்கள் நான்கு, கீழே கால்களைப் பிணைக்கும் சட்டங்கள் நான்கு. சட்டமொன்றுக்கு இரு முனைகள். ஆக, முதுகுச் சாய்வை விட்டுவிட்டாலும் 16 துளைகள். பன்னிரண்டு கதிரைக்கு 192 துளைகள்; அவற்றுக்கு அளவாக 192 கழுந்துகள். நாளொன்றுக்கு மூன்று என்றால் துளைக்கு மாத்திரம் இரண்டு மாதம்.

துளையும் கழுந்தும் என்பது என்ன என்று இளம் வாசகர் கேட்கக்கூடும். ஒரு மரத்தில் நீள்சதுரமாகக் குடைந்த குழி துளை. அதனுட் புகுமாறு மற்ற மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கிய பகுதி கழுந்து. இம்மூட்டு இரும்பை விடப் பழையது. ஜேர்மனியில் லைப்சிக் நகரின் அயலிலே மண்ணுக்கடியிற் கண்டெடுக்கப்பட்ட கிணறுகள் ஓக் மரப் பலகைகளால் அடைக்கப்பட்டவை. அம்மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிய ஆராய்ச்சியாளர், அவை ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று 2012இல் வெளியிட்டனர். உலோகம் அறியாத அம்மக்கள் கற்கருவிகளாலேயே துளையும் கழுந்தும் வெட்டி, ஆப்பு வைத்து இறுக்கியிருக்கின்றனர்.

கழுந்தின் தடிப்பு மரத்தின் தடிப்பில் மூன்றிலொன்றாக இருத்தல் பொதுவிதி. அதற்கு மேலானால் துளையின் சுவர்கள் மெலியும். குறைந்தால் கழுந்து முறியும். மூட்டின் வலிமை முழுவதும் கழுந்தின் இரு கன்னங்களிலே இருக்கிறது. அங்கேதான் நாரும் நாரும் பக்கம் பக்கமாகப் பொருந்திப் பசை நன்கு பிடிக்கும். வெட்டுமுனையிற் பசை பூசினால் மரம் அதனை உறிஞ்சிக் குடித்துவிடும், பிடிப்பு இராது. கன்னத்துக்கும் சுவருக்கும் இடையே கடதாசித் தாள் ஒன்றின் தடிப்புக்கு மேல் வெளி இருந்தால் சாதாரண மரப்பசை அதனை நிரப்பித் தாங்குவதில்லை. கடதாசித் தாள் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொன்று. ஓடாவியார் ஐம்பது ஆண்டுகளாக இந்த நுட்பத்தை வேணியர் இடுக்கிமானி எதுவுமின்றிக் கண்ணாலும் விரலாலும் எட்டிவந்தார் என்பதை நான் எண்ணிப் பார்த்ததுண்டு. கணிதம் கற்பிப்பவனுக்கு இது சற்று வெட்கம் தரும் விஷயம்.

துளைகளைக் குடைவதற்கு யந்திரம் ஒன்று செய்தால் என்ன என்ற எண்ணம் அப்பொழுது எழுந்தது. மரத்தில் யந்திரத்தாற் துளை குடைவது புதுமையன்று. கப்பல்களின் பாய்க்கயிறுகள் ஓடும் மரக் கப்பிகளைச் செய்வதற்கென இங்கிலாந்தின் போட்ஸ்மத் துறைமுகத்தில், 1802 முதல் 1806 வரையான காலத்தில், மார்க் புருனெல் என்பவர் ஒரு தொழிற்சாலையை நிறுவினார். அதற்குரிய 45 யந்திரங்களை வார்த்துக் கடைந்து கொடுத்தவர் ஹென்றி மோட்ஸ்லி. கப்பியின் நடுவே உருளை இருப்பதற்கான துளையைக் குடையும் யந்திரமும் அவற்றுள் அடங்கும். 1808இல் அத்தொழிற்சாலை ஓராண்டில் 130,000 கப்பிகளைச் செய்தது. தொழில் தெரிந்த 110 பேர் செய்த வேலையைத் தொழில் தெரியாத 10 பேர் செய்தனர் என்று அதனைப் புகழ்ந்து எழுதுவர். அந்தப் புகழ்ச்சியை முதன்முறை படித்த நாள் தொட்டு, எஞ்சிய நூறு பேரின் கைத்திறன் என்னாயிற்று என்ற கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. ஓடாவியாரின் முற்றத்தில் யந்திரம் ஒன்றைக் கொண்டுபோய் வைக்க நினைத்தபோதும் அக்கேள்வி கூடவே வந்தது.

றவுட்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் மோட்டர். அதன் நுனியிற் பூட்டிய வெட்டலகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 தடவை சுழன்று மரத்தைக் குடையும். அரை அங்குல அலகின் விளிம்பு அப்பொழுது செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. கடைக்குச் சென்று றவுட்டர் வேண்டும் என்றேன். இரண்டு கொம்புகளோடு கூடிய இணையப் பெட்டியை எடுத்து வைத்தார் கடைக்காரத் தம்பி. மரம் வெட்டுவது வேண்டும் என்றதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் பல தடைப்பட்டிருந்த காலம் அது. ஈற்றில், பாவித்த றவுட்டர் ஒன்று உறவினர் ஒருவர் மூலம் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது.

றவுட்டரைக் கையிற் பிடித்துக்கொண்டே துளையிடலாம். ஆனால் அந்த வேகத்தில் அது கையை இழுத்துக்கொண்டு ஓடும். கழுந்து வெட்டுவதோ இன்னும் இடர். இதற்கு அழகான ஒரு வழியைக் காட்டியவர் கனடாவில் வாழும் மத்தியாஸ் வாண்டெல். தொலைபேசி செய்யும் நிறுவனமொன்றிற் பொறியியலாளராக இருந்து, பின்னர் மரவேலையில் முழுமையாக இறங்கியவர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் மரத்தாலேயே ஒரு யந்திரத்தை அமைத்தார். ஒட்டுப்பலகையிற் பெரிதாக வெட்டிய அச்சு ஒன்றின் ஓரத்தை நாம் கையாற் தடவிச் செல்ல, றவுட்டர் அதே உருவத்தைச் சரிபாதி அளவில் மரத்தில் வெட்டும். அவருடைய யந்திரத்தை அப்படியே பிரதிசெய்யும் வசதி எமக்கில்லை; தத்துவத்தை எடுத்துக்கொண்டு, கிடைத்த பொருளுக்கேற்ப அமைத்தோம்.

அத்தத்துவமும் நானூறு ஆண்டுப் பழமை வாய்ந்தது. சூரியனிற் புள்ளிகளை ஆராய்ந்தவராகிய கிறிஸ்தொப் சைனர் என்னும் யேசுசபைக் குரவர், படங்களைப் பெருப்பிக்கவும் சிறுப்பிக்கவும் வல்ல கருவியை 1603இல் ஆக்கி, 1631இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். அதன் உள்ளே இருப்பது பாடசாலை மாணவர் படிக்கும் இயல்பொத்த முக்கோணிகளே.

மாணவர் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்வார்களாக. சுவரில் அசையாத ஆணி ஒன்று. அதில் முதற் கை ஆடுகிறது. நீளம் 400 மில்லிமீற்றர். அதன் மறு நுனியில் இரண்டாம் கை தொங்குகிறது, அதுவும் 400. முதற் கையின் சரி நடுவில் மூன்றாம் கை தொங்குகிறது. அதன் நீளம் 200. இரண்டாம் கையும் மூன்றாம் கையும் எப்பொழுதும் சமாந்தரமாக இருக்கும்படி குறுக்கே ஓர் இணைப்புக் கட்டை. அது 200 மில்லிமீற்றர் நீளமாய், முதற் கைக்குச் சமாந்தரமாய் நின்று ஓர் இணைகரத்தை முடிக்கிறது. இப்பொழுது ஆணியும் முதற் கையின் நடுவும் மூன்றாம் கையின் நுனியும் ஒரு முக்கோணி. ஆணியும் முதற் கையின் நுனியும் இரண்டாம் கையின் நுனியும் மற்றொன்று. பக்கங்கள் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம், இடைக்கோணம் ஒன்றே. ஆகவே கைகளை எங்கே நகர்த்தினாலும் ஆணியும் இரு நுனிகளும் ஒரே நேர்கோட்டிற் கிடக்கும். பெரிய நுனி இரண்டு அங்குலம் சென்றாற் சிறிய நுனி ஓர் அங்குலம் செல்லும். பெரிய நுனியில் ஓர் உருளையையும் சிறிய நுனியில் றவுட்டரையும் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது.

சொல்லும்போது முடிந்தது, செய்யும்போது நான்கு மாதம் பிடித்தது. பதினெட்டு மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையை இரட்டையாக ஒட்டிக் கைகளைச் செய்தோம். மூட்டுகள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயரிங், உருளைக்கு ஒன்று. ஆக, பதினொன்று. சிறுவரின் சில்லுச் சப்பாத்துகளில் உள்ள, 608 என்ற இலக்கமிட்ட பெயரிங்குகள் அவை. துவாரம் 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22. மூட்டில் ஆட்டம் இருந்தால் அது அப்படியே வேலையில் வந்து நிற்கும். ஓடாவியார் இவ்விடத்தில் ஒன்று சொன்னார்: சோடியான கைகளைத் தனித்தனியே அளந்து துளையிடக் கூடாது, ஒன்றன்மேலொன்றாகப் பிணைத்து ஒரே ஊடுருவலில் துளையிட வேண்டும். இணைகரத்துக்கு வேண்டியது எதிர்ப்பக்கங்களின் சமத்துவம். நீளம் 200 ஆனால் என்ன, 199 ஆனால் என்ன, இரண்டும் ஒன்றாக இருந்தாற் போதும். கேத்திரகணிதத் தேற்றத்தை அவர் கதவுச் சட்டங்களிலிருந்து கற்றிருந்தார்.

றவுட்டரின் பாரம் கைகளைக் கீழே இழுத்தது. அதற்கு ஈடாகக் கப்பியொன்றின் மேலாகக் கயிறு விட்டு மணல்மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டோம். கிணற்றுத் துலாவுக்குப் பின்பாரம் கட்டிப் பழகிய ஊரில் இது ஒரு கண்டுபிடிப்பே அல்ல. வெட்ட வேண்டிய மரத்தைப் பிடிப்பது முன்னும் பின்னும் நகரும் ஒரு மேசை. அதனை உள்ளே தள்ளும் அளவே துளையின் ஆழம்.

பிறகு அச்சுப்பலகைகளின் கணக்கு. எங்கள் கால்களும் சட்டங்களும் ஒன்றரை அங்குலத் தடிப்பு, அதாவது 38 மில்லிமீற்றர். மூன்றிலொரு பங்கு அரை அங்குலம், 12.7. அலகும் அதே 12.7, ஆதலாற் துளையின் அகலத்தை அலகே தந்துவிடும். துளையின் நீளம் 45 என்றால், அலகின் மையம் நகர வேண்டியது 45 சய 12.7, அதாவது 32.3. உருளையின் மையம் அதன் இருமடங்கு, 64.6. உருளையின் விட்டம் 22 ஐக் கூட்டினால் அச்சுப்பலகையிற் பிளவின் நீளம் 86.6. கழுந்துக்கு அலகு வெளியே சுற்றிவர வேண்டும். ஆகவே அலகின் விட்டத்தைக் கூட்டி, இருமடங்காக்கி, உருளையின் விட்டத்தைக் கழிக்க வேண்டும். தடிப்பு 28.8, அகலம் 93.4. இக்கணக்கை வகுப்பிற் கொடுத்தேன். பயிற்சிப் புத்தகத்தில் விகிதம் என்றால் கொட்டாவி விடும் பிள்ளைகள், அச்சுப்பலகையைக் கையிற் கொடுத்ததும் தசமதானத்துக்காகச் சண்டை பிடித்தார்கள்.

பாதியாக்கும் யந்திரத்தின் சிறப்பு இனித்தான் தெரிகிறது. அச்சுப்பலகையில் நேரும் பிழையும் வேலையிற் பாதியாகிவிடும். கழுந்து சற்று இளக்கமாக வந்தால், அச்சுப்பலகையைச் சுற்றி ஒட்டுநாடா ஒரு சுற்று ஒட்டினாற் போதும். நாடாவின் தடிப்பு 0.1 என்று கொள்வோம். இருபுறமும் சேர்ந்து அச்சு 0.2 தடிக்கும், கழுந்து 0.1 தடிக்கும். ஒரு கடதாசித் தாளின் அளவைச் சொல்லிவைத்தாற்போலக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. ஓடாவியார் விரலாற் தடவி "இன்னும் ஒரு சுற்று" என்பார். அல்லது "கழட்டுங்கோ" என்பார். எத்தனை நுட்பமான யந்திரமாயினும் மூட்டு இறுக்கமா இளக்கமா என்று அதற்குத் தெரியாது. உள்ளங்கை அழுத்தத்துக்கு இறங்க வேண்டும், கொட்டாப்புளி கேட்கக் கூடாது, தலைகீழாகப் பிடித்தாற் தானாக விழவுங் கூடாது என்பது அவருடைய அளவுகோல்.

யந்திரம் 2022 பெப்ரவரியில் ஆயத்தமாயிற்று. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. முப்பதாயிரம் சுற்றுச் சுழலும் மோட்டர் மூலையில் மௌனமாய் இருக்க, ஓடாவியார் திண்ணையில் இருந்து காலையில் மூன்று துளை வெட்டினார். "இதுக்குக் கரண்ட் வேண்டாம், மாஸ்டர்" என்றார். அவர் முகத்தில் இருந்தது பரிகாசமா பெருமிதமா என்று என்னாற் சொல்ல முடியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

மின்சாரம் வந்த ஓரிரவில் முதலாவது துளையைக் குடைந்தோம். வேப்பந்தூள் கசந்தது, அது வாய்க்குள் வராமற் துணி கட்டிக்கொள்ள வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. வீட்டில் இதனைச் செய்ய எண்ணும் எவரும் இம்மூன்றையும் முதலில் வாங்கவேண்டும். றவுட்டரைப் பிறகு வாங்கலாம். அலகு சுழலும் போக்கோடு போகாமல் அதற்கு எதிராகவே தள்ள வேண்டும்; ஒரு தடவைக்கு நான்கைந்து மில்லிமீற்றர் ஆழத்துக்கு மேல் ஆசைப்படலாகாது. இரண்டு நிமிடத்தில் 27 மில்லிமீற்றர் ஆழமான துளை, சுவர் கண்ணாடி போல மின்ன, எங்கள் முன் இருந்தது. ஓடாவியார் விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"மாஸ்டர், மூலை எங்கை?"

சுழலும் அலகு மூலை வெட்டாது. துளையின் இரு முனைகளும் வட்டமாகவே இருக்கும். உளியின் துளைக்குத்தான் கூரிய நான்கு மூலைகள் உண்டு. கழுந்தின் ஓரங்களும் அதே வட்டமாக வருகின்றன, பசை பிடிக்கும் கன்னங்கள் குறையவில்லை என்று காட்டினேன். கழுந்தைப் புகுத்திப் பார்த்தார், இழுத்தார், மறுபடி புகுத்தினார். "பலத்துக்குக் குறைவில்லை" என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் மூலையில்லாத துளையை அவர் மனம் ஏற்க ஒரு கிழமை சென்றது. அந்த ஒரு கிழமையும் நான் அவரோடு வாதிடவில்லை. மூலையைச் செப்பமாக எடுப்பதிலேதான் அவருடைய உளியின் கீர்த்தி ஐம்பது ஆண்டுகளாக நின்றது. அது வேண்டாதது என்று ஒரு மோட்டர் சொல்லும்போது, கேட்பவருக்கு நேரம் கொடுக்க வேண்டும் அல்லவா?

வேலை தொடங்கியபோது அவர் இருந்த இடம் மாறியது. பலகையில் எந்த முகம் முன்னே, எந்த முகம் உள்ளே என்று ஒவ்வொரு துண்டிலும் பென்சிலாற் குறி இட்டார். குறியிட்ட முகமே எப்பொழுதும் மேசையோடு ஒட்ட வேண்டும். இல்லையேல் தடிப்பிலுள்ள சிறு வேறுபாடு மூட்டில் ஒரு படியாகத் தெரியும். முடிச்சுள்ள துண்டுகளைத் துளை விழாத இடம் பார்த்து மாற்றி அடுக்கினார். இருக்கைச் சட்டங்கள் இரண்டு ஒரே காலில் அடுத்தடுத்த முகங்களிற் புகுவதால் உள்ளே துளைகள் ஒன்றையொன்று முட்டும். அவற்றின் கழுந்து நுனிகளை 45 பாகை சாய்வாக வெட்ட வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்து வைத்தார். சோளகக் காற்று வீசும் ஆடியிற் சற்றே இளக்கமாக விடு, வாடைக்காற்றோடு மழை வரும்போது மரம் தானே பருத்து இறுகும் என்றார். போட்ஸ்மத்தின் நூறு பேரைப் பற்றிய என் கேள்விக்கு இது விடையாகுமா என்று எனக்குத் தெரியாது. அங்கே யந்திரம் முதலாளியுடையதாக இருந்தது. இங்கே அது ஓடாவியாரின் கொட்டிலில் நிற்கிறது. வேறுபாடு பெரும்பாலும் அதிலேதான் இருக்கிறதென நினைக்கிறேன்.

பேரன் முதலில் மின்கம்பியை நீட்டிப் பிடிக்க வந்தான். பிறகு அச்சுப்பலகை அராவ வந்தான். 0.1 மில்லிமீற்றர் என்பது அவனுக்குப் பிடித்துவிட்டது. 192 துளைகளிற் பெரும்பகுதியைக் குடைந்தவன் அவனே. பாட்டனார் பின்னால் நின்று சத்தத்தைக் கேட்டே "அலகு மழுங்கிப் போச்சு" என்பார். எடுத்துப் பார்த்தால் மழுங்கியே இருக்கும்.

முதுகுச் சாய்வு மிஞ்சியது. பின்னங்கால்கள் மேலே சாய்ந்து செல்கின்றன. குறுக்குச் சட்டங்களோ சற்று வளைந்தவை. அந்தக் கோணத்துக்கு மேசையைச் சரிப்பது ஆகாத காரியமன்று. ஆனால் ஓடாவியார் அதற்கு இணங்கவில்லை. கதிரைக்கு நான்கு, பன்னிரண்டு கதிரைக்கு 48 துளைகள். நாளுக்கு மூன்றாகப் பதினாறு நாட்கள் உளியாலேயே வெட்டுவேன் என்றார். அவர் கணக்குப்படி பதினாறு நாட்கள் ஆகவில்லை. பதினைந்தாம் நாள் மாலை கடைசி மூன்று துளைகளுக்கு உளியைப் பேரனிடம் நீட்டினார். அவன் விரதத்தை முறித்துக்கொண்டான். மூன்று துளைக்கு அவனுக்கு இரண்டு நாட்கள் சென்றன. அவற்றுள் ஒன்றில் ஒரு மூலை சற்றே சிதைந்திருக்கிறது. எந்தக் கதிரை என்று எனக்குத் தெரியும். வாசிகசாலைக்கு வரும் வேறெவருக்கும் தெரியாது.

கதிரைகள் 2023இல் வாசிகசாலைக்கு வந்தன. இரண்டு மாரிகள் கடந்தும் இதுவரை எதுவும் முனகவில்லை. கொட்டிற் சுவரில் அச்சுப்பலகைகள் அளவு எழுதப்பட்டு வரிசையாகத் தொங்குகின்றன. சென்ற வாரம் பேரன் யன்னற் சட்டத்துக்கெனப் புதிய அச்சு ஒன்றை அராவிக்கொண்டிருந்தான். கழுந்தின் அகலம் 60 மில்லிமீற்றர். அலகும் உருளையும் பழையவை. அச்சு 123.4 வர வேண்டும் என்று பலகையின் ஓரத்தில் எழுதியிருந்தான். நான் மனக்கணக்காகச் செய்து பார்த்தேன். சரியாகவே இருந்தது.